லினக்ஸ் போட்டாயிற்று, அப்டேட் போடுவது யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்ட நிலையில், பழைய கணினிகளைக் கழித்துக் கட்டாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவித் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நீடாமங்கலத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கணினிப் பழுதுபார்க்கும் கடை நடத்திவருபவன் என்ற முறையில் அந்த யோசனையை மனமார வரவேற்கிறேன். பள்ளிக்கூடங்கள், உரக்கடைகள், அரிசி ஆலைகள், அச்சகங்கள் எனப் பல இடங்களில் அந்த வேலையை நானே செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் லினக்ஸில் வைரஸ் வராது என்பதால் ஒருமுறை நிறுவிவிட்டால் அதன்பின் கவலை வேண்டாம் என்ற பொருளில் கட்டுரையின் கடைசிப் பத்தியில் வந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியை நம்பியவர்களின் கணினிகளைத்தான் நான் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

2018-ஆம் ஆண்டு தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக நடந்த நேரத்தில், நீடாமங்கலம் அருகே ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் அரிசி ஆலையிலிருந்து அழைத்தார்கள். எடைமேடையில் ஒரு ரசீது அடிக்க ஐந்து நிமிடம் ஆகிறது, நெல் ஏற்றிவந்த லாரிகள் சாலை வரை நிற்கின்றன என்றார்கள். எடைமேடைக் கணினியில் ஒரு குறையும் இல்லை. கணக்குகள் அனைத்தையும் வைத்திருந்த லினக்ஸ் சர்வர்தான், அலுவலக அறையின் மூலையில், உமித்தூசி படிந்த மேசைக்கு அடியில், கையை வைத்தால் சுடுகிற அளவுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. எந்தெந்த நிரல் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் கட்டளையைத் தட்டியபோது, ஆலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நிரல் பிராசசரின் சக்தி முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்தது. எங்கோ இருக்கும் ஒருவருக்காக அந்த இயந்திரம் இராப்பகலாகக் கிரிப்டோ என்ற மின்னணு நாணயம் தோண்டிக்கொண்டிருந்தது (கணினியை உழைக்கவிட்டு அந்த நாணயத்தை ஈட்டுவதை அப்படிச் சொல்வோம்). மின்கட்டணத்தை ஆலைக்காரர் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுக்குக் கடைசியா எப்ப அப்டேட் போட்டீங்க?" என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். "அப்டேட்டா? போட்டுக் குடுத்தவங்க, இது லினக்ஸ், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், கை வெச்சாத்தான் கெடும்னு சொல்லிட்டுப் போனாங்க தம்பி" என்றார். பேக்கேஜ் என்று நாங்கள் சொல்லும் மென்பொருள் தொகுப்புகள் எப்போதெல்லாம் நிறுவப்பட்டன என்பதை லினக்ஸ் தானே ஒரு பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவேட்டின் கடைசி வரியில் இருந்தது 2016-இல் சர்வர் நிறுவப்பட்ட அதே நாள்.

அந்த சர்வரில் கோப்புகளைப் பகிர சாம்பா என்ற தொகுப்பு இயங்கியது (நம் சம்பாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை). திருச்சியில் இருக்கும் உரிமையாளர் வீட்டிலிருந்தே கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, நிறுவியவர்கள் அதன் வாசலை இணையத்துக்கே திறந்துவிட்டிருந்தார்கள். சாம்பாவில் 2010 முதல் ஏழு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் ஓர் ஓட்டை இருந்தது. பகிர்ந்த கோப்புறையில் எழுத அனுமதியுள்ள எவரும் அங்கே தன் நிரல் ஒன்றைப் போட்டு, அதை சர்வரே இயக்கும்படி செய்துவிடலாம். 2017 மே 24 அன்று அது அறிவிக்கப்பட்டது. அன்றைக்கே, பரவலாகப் பயன்படும் லினக்ஸ் வெளியீடுகளான டெபியனும் உபுண்டுவும் அதை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டன. சில வாரங்களுக்குள் இதே ஓட்டை வழியாக உலகெங்கும் சர்வர்களில் நாணயம் தோண்டும் நிரல்கள் நுழையத் தொடங்கின. நான் ஆலைக்குப் போனபோது அந்தத் திருத்தம் வெளிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. விலை ஏதும் இல்லை. நிறுவுவதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஒருவன் உள்ளே வந்துபோன பிறகு, வாசலை அடைப்பதால் மட்டும் வீடு சுத்தமாகிவிடாது. முழுவதையும் அழித்து, தரவை ஒவ்வொரு கோப்பாகச் சரிபார்த்து, மறுபடி நிறுவ இரண்டு இரவுகள் ஆயின. அந்த இரண்டு நாளும் கணக்குப்பிள்ளை கார்பன் தாள் வைத்துக் கையால் ரசீது எழுதினார்.

இதைப் படிப்பவர்கள், அப்படியானால் லினக்ஸே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மூல நிரலை எவரும் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருளில் நாள்தோறும் ஓட்டைகள் அறிவிக்கப்படுவதைப் பார்த்துப் பலர் மிரளுகிறார்கள். உலகில் கண்டுபிடித்து அறிவிக்கப்படும் ஓட்டைகளுக்கு சி.வி.இ. எண் என்ற ஓர் அடையாள எண் கொடுக்கும் முறை 1999 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பட்டியல் நீள்வது, தேடுகிறவர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. வெள்ளக் காலத்தில் ஆற்றங்கரையில் நண்டு வளை வழியாக நீர் கசிவதை ஒருவர் கண்டு குரல் கொடுத்தால், கரை மோசம் என்று நாம் ஊரைக் காலி செய்வதில்லை. மணல் மூட்டையோடு ஓடுகிறோம். இதில் ஒரே ஒரு வேறுபாடு உண்டு, அதுதான் முக்கியமானது. கணினியில் அந்தக் குரல் அடைக்கப் போகிறவர் காதிலும் உடைக்கப் போகிறவர் காதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. அறிவிப்பு வரும் வரை சிலருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஓட்டை, அறிவிப்பு வந்த நாள் முதல் எல்லோருக்கும் தெரிந்த ஓட்டை ஆகிவிடுகிறது. ஆகவே திருத்தம் வெளிவந்த பிறகும் அதை நிறுவாமல் கிடக்கும் கணினி, முன்பைவிடக் கூடுதலான ஆபத்தில் இருக்கிறது.

அக்கறை இல்லாதவர்கள் மட்டுமே இப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்று நினைப்பதும் தவறு. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் கணினி ஆசிரியையை நான் நன்கு அறிவேன். இருபது கணினிகள் உள்ள ஆய்வகத்தை அவர் தன் வீட்டைப் போலப் பார்த்துக்கொள்பவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாவற்றுக்கும் அப்டேட் போட்டுவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டுப்புத்தகத்தில் தேதியிட்டு, 'அப்டேட் – சரி' என்று நீல மையில் எழுதிக் கையெழுத்திடுவார். 2022-ஆம் ஆண்டின் நடுவில் வேறொரு பழுதுக்காகச் சென்ற நான், எதற்கும் பார்ப்போமே என்று சோதித்தபோது, இருபதில் ஒன்றுகூடத் திருத்தம் பெற்றிருக்கவில்லை. காரணம் மிகச் சிறியது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் 'ஆப்ட் அப்டேட்' என்ற ஒரே கட்டளையை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தக் கட்டளை, புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டுமே கொண்டுவரும். அந்தப் பட்டியலில் உள்ளவற்றை எடுத்து நிறுவுவதற்கு 'ஆப்ட் அப்கிரேட்' என்ற இரண்டாவது கட்டளை வேண்டும். இரண்டு ஆண்டுகளாக அவர் கடைக்குப் போய் விலைப்பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். நான் சொன்னபோது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "அப்ப இவ்வளவும் வீணா சார்?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "இல்லீங்க டீச்சர், பாதி வேலையை நீங்க தவறாம செஞ்சிருக்கீங்க, மீதிப் பாதியைச் சொல்லித்தராதது உங்க தப்பு இல்லை" என்றேன்.

அந்தப் பள்ளியில் எது என்னைக் கலங்க வைத்தது என்றால், அதே ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி யாருக்கு என்ன அதிகாரம் என்று முடிவுசெய்யும் போல்கிட் என்ற தொகுப்பில் ஓர் ஓட்டை அறிவிக்கப்பட்டிருந்தது. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் அது நாம் கேட்காமலேயே இருக்கும். சாதாரணப் பயனர் ஒருவர், கடவுச்சொல் எதுவும் தெரியாமலேயே, அந்த ஓட்டையைக் கொண்டு சில நொடிகளில் கணினியின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். 2009 முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே இருந்திருக்கிறது. மாணவர் கணக்கில் நுழைந்து, மதிப்பெண் பட்டியல் இருக்கும் ஆசிரியர் கணக்கு வரை போக அது போதும். ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் இடங்களில், வெளியிலிருந்து வரும் ஆபத்துக்குச் சமமாக இத்தகைய உள் ஆபத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

திருத்தத்தை நிறுவியதோடு வேலை முடிந்துவிடுகிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. 2014 ஏப்ரல் 7 அன்று இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, வெளியிலிருந்து கேட்பவருக்கு ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தைக் கிள்ளிக் கொடுக்கும் குறை அது என்று தெரியவந்தது. புதிய தொகுப்பை நிறுவிய பிறகும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் பழைய தொகுப்பையே நினைவில் வைத்துக்கொண்டு இயங்கின. அவற்றை நிறுத்தித் தொடங்கினால்தான் திருத்தம் நடைமுறைக்கு வரும். அதற்குள் மறைகுறியாக்கச் சாவிகள் கசிந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் கருவுக்குத் திருத்தம் வந்தால், பொதுவாகக் கணினியையே அணைத்துப் போட வேண்டும். டெபியன், உபுண்டு கணினிகள் பலவும், மறுதொடக்கம் தேவை என்று ஒரு சிறு கோப்பை உருவாக்கி நமக்காக வைத்திருக்கும். அதைப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. முன்பெல்லாம் எங்கள் பகுதியின் மின்வெட்டே அந்த மறுதொடக்கத்தைச் செய்துவிடும். இப்போது எல்லா இடத்திலும் யூபிஎஸ் வந்துவிட்டதால், இருநூறு முந்நூறு நாட்களாக அணைக்கப்படாத சர்வர்களைப் பார்க்கிறேன். அதைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பதிப்பு எண்ணைப் பற்றிய குழப்பத்தையும் இங்கே எழுதியாக வேண்டும், ஏனெனில் படித்தவர்களே அதில் தவறுகிறார்கள். டெபியன் போன்ற நிலையான வெளியீடுகளில், ஓட்டை அடைபடும்போது பொதுவாகத் தொகுப்பின் புதிய பதிப்பைக் கொண்டுவர மாட்டார்கள். புதிய பதிப்பிலிருந்து அந்தத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, நம்மிடம் உள்ள பழைய பதிப்பிலேயே ஒட்டித் தருவார்கள். நம் பில்லிங் மென்பொருளும் பிரிண்டரும் பழகிய விதத்திலேயே தொடர்ந்து இயங்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு இது. 2024 ஜூலை 1 அன்று தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தொகுப்பில் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. 2006-இல் அடைக்கப்பட்டு, 2020 அக்டோபரில் செய்த ஒரு மாற்றத்தால் தெரியாமல் மறுபடி திறந்துகொண்ட ஓட்டை அது. மூல நிரலை எழுதியவர்கள் 9.8 என்ற பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். டெபியன் 12-இலோ பதிப்பு எண் 9.2 என்றே நின்றது. அதன் வாலில் இருந்த 'டெப்12யு3' என்ற குறிதான் திருத்தம் வந்துவிட்டதைச் சொல்லும். அப்போது ஓரிடத்தில், தணிக்கைக்கு வந்தவர் எண்ணின் தலையை மட்டும் பார்த்து, பழைய பதிப்பு என்று குறிப்பெழுதிவிட்டுப் போய்விட்டார். பயந்துபோன கணினிப் பொறுப்பாளர், இணையத்திலிருந்து மூல நிரலை இறக்கிப் புதிய பதிப்பைத் தானே கட்டமைத்து நிறுவிவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஒரு தொகுப்பு டெபியனின் பராமரிப்பிலிருந்து விலகிவிட்டது. அடுத்து வரும் எந்தத் திருத்தமும் அதற்குத் தானாக வந்து சேராது. எச்சரிக்கையோடு செய்த காரியமே அங்கே பாதுகாப்பைக் குறைத்துவிட்டது.

புதியது எதுவாயினும் உடனே போட்டுவிடு என்று நான் சொல்லவில்லை என்பதற்கு 2024 மார்ச் 29-இல் வெளிப்பட்ட எக்ஸ்-இசட் விவகாரம் போதும். கோப்புகளைச் சுருக்கும் அந்தச் சிறு தொகுப்பைப் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒற்றை ஆளாக, ஊதியமின்றி ஒருவர் கவனித்துவந்தார். உதவ வந்தவரைப் போல ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பில் பங்கும் பெற்று, கடைசியில் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளவழியைப் புதைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் துருவியதால்தான் அது வெளியே வந்தது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால்தான் அவரால் காரணம் வரை போக முடிந்தது என்பது என் கருத்து. சோதனை நிலையில் இருந்த வெளியீடுகளுக்குள் அது போய்ச் சேர்ந்திருந்தது. டெபியனின் நிலையான வெளியீட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு வரவில்லை. ஆகவே நம் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வேண்டியது நிலையான வெளியீடும், அதற்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் மட்டுமே.

அந்தத் திருத்தங்களும் வெளியீட்டாளரின் களஞ்சியத்திலிருந்து, அவர்களின் மின்னணுக் கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வர வேண்டும். பென்டிரைவில் யாரோ கொண்டுவந்த தொகுப்பைக் கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு நிறுவுகிற பழக்கம் எங்கள் தொழிலில் இருப்பவர்களிடமே இருக்கிறது. அதை நாங்கள்தான் விட வேண்டும்.

இன்னொன்று, ஆதரவு முடியும் நாள். 2011 முதல் அரசு வழங்கிய மடிக்கணினிகளில், மத்திய அரசு நிறுவனமான சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது; அன்று வந்த அதே நிலையில் இன்றும் வீடுகளில் சில ஓடுகின்றன. உபுண்டு 18.04-இன் இலவசப் பொது ஆதரவு 2023 மே மாதத்திலும், 20.04-இன் ஆதரவு 2025 மே மாதத்திலும், சென்ட்ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸ் வெளியீட்டின் 7-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30-இலும் முடிந்துவிட்டன. அதன் பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு, தனியே ஏற்பாடு செய்துகொண்டால் ஒழிய, திருத்தம் வராது. கணினி வழக்கம்போல் ஓடும். அப்டேட் கட்டளை கொடுத்தாலும் பெரும்பாலும் புதிதாக எதையும் காட்டாது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே உரிமையாளர் நினைத்துக்கொள்வார்.

அப்டேட் போட்டால் பில்லிங் நின்றுவிடும் என்ற அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அறுவடைக் காலத்தில் ஒரு மணி நேரம் நின்றாலே என்ன ஆகும் என்று அந்த ஆலையில் பார்த்திருக்கிறேன். அதற்கு வழி இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தானாக நிறுவிக்கொள்ளும் வசதி டெபியனிலும் உபுண்டுவிலும் உள்ளது; பல கணினிகள் உள்ள இடத்தில் முதலில் ஒன்றில் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றில் போடலாம். இணையச் செலவு கட்டுப்படியாகவில்லை என்கிற பள்ளிகளில், ஒரே கணினி இறக்கிவைத்துக்கொண்டு மற்ற பத்தொன்பதுக்கும் பகிர்ந்து கொடுக்கும்படி அமைக்கலாம். அந்த ஆசிரியையின் ஆய்வகத்தில் அப்படித்தான் அமைத்துக் கொடுத்தேன். அவரது நோட்டில் இப்போது மூன்று பத்திகள் இருக்கின்றன: பட்டியல், நிறுவல், மறுதொடக்கம்.

இந்தக் குறைக்கெல்லாம் அடிப்படை, நிறுவும் வேலைக்கு மட்டும் விலை பேசப்படுவதும் பராமரிப்பு யார் தலையிலும் விழாததும்தான் என்று நான் கருதுகிறேன். மென்பொருள் இலவசம் என்பதால் பராமரிப்பும் இலவசமாக நடந்துவிடும் என்று வாங்குகிறவர் எண்ணுகிறார். நிறுவுகிறவரும் அதைத் திருத்துவதில்லை. கூட்டுறவுச் சங்கமோ, ஊராட்சியோ, பள்ளியோ, தனியாரோ, லினக்ஸ் நிறுவ ஒப்பந்தம் போடும்போது, பாதுகாப்புத் திருத்தங்களை மாதந்தோறும் நிறுவும் பொறுப்பு யாருடையது என்ற ஒரு வரியை அதில் சேர்க்க வேண்டும். ஆதரவு முடியும் மாதத்தையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதிக் கணினியின் பெட்டியிலேயே ஒட்டிவிட வேண்டும். நான் நிறுவித் தரும் ஒவ்வொரு கணினியிலும் இப்போது அதை ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் தாங்கள் நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். எங்கள் கடைத்தெருவில் பேப்பரைப் பிரித்தவுடன் முதலில் பலரும் பார்ப்பது அந்தச் சிறு கட்டத்தைத்தான். அதே மாவட்டப் பக்கத்தில் மாதம் ஒருமுறை, அந்த மாதத்தில் வந்த முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களையும், அடுத்து ஆதரவு முடியப்போகும் வெளியீடுகளையும் நான்கு வரியில் வெளியிட இடம் ஒதுக்குவீர்களா? ஒதுக்குவதாக இருந்தால், ஒவ்வொரு மாதமும் அந்த நான்கு வரிகளை எளிய தமிழில் எழுதி, கட்டணம் ஏதுமின்றித் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கணினிப் பழுதுபார்ப்பவர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.